முழங்கால் அலை, இடுப்பு அலை

அலைக்கணக்கருக்கு முதல் சந்தேகம் திங்கட்கிழமை காலையில் வந்தது. அவர் கம்ப்யூட்டரில் உருவாக்கியிருந்த மாதிரிக் கடலில் அலை இடுப்பளவு எழும்பியது. நிஜக் கடலின் அடியில் கிடந்த கருவியோ முழங்காலளவுதான் என்றது. நீரோட்டமும் அப்படியே. இவருடையது ஓடியது, அதனுடையது தவழ்ந்தது.

துறைமுகத்துக்குப் புதுத் தடுப்புச் சுவரை எங்கே எழுப்புவது என்று அந்த மாதிரிதான் சொல்லவேண்டும். மாத முடிவில் கூட்டம். கணக்கும் கடலும் ஒத்துப்போனால் இவருக்குப் பிரிவுத் தலைவர் நாற்காலி. இல்லாவிட்டால் பழைய கயிறும் துருப்பிடித்த நங்கூரமும் கிடக்கிற கிடங்குக்கு மாற்றல் என்று இயக்குநர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

கருவியைப் படகில் கொண்டுபோய் இறக்குவதும், வாரா வாரம் அளவுகளை எடுத்துவருவதும் தங்கையின் கணவருடைய வேலை. கரைக்குப் பக்கத்தில் ஓர் அலை, தள்ளிப் போனால் வேறு அலை என்பது அவருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும்.

"உங்க கணக்குல எவ்வளவு வருது மச்சான்?"

"இடுப்பளவு. ஏன் கேக்குறீங்க மாப்ள?"

"சும்மாதான்."

சும்மா கேட்கிற ஆளா அவர்? போன வருஷம் இவருடைய டிரில்லிங் மெஷினை இரவல் வாங்கிப்போய், எரித்துவிட்டு, துணியில் சுற்றித் திருப்பித் தந்தவர். அன்று நாலு பேர் முன்னால் இவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். மாப்பிள்ளை ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. அதுதான் இப்போது இடித்தது. பேசாத ஆள் மனசில் வைத்துக்கொண்டிருக்கிறார்.

சரி, வம்பே வேண்டாம் என்று இவர் யாரிடமும் சொல்லாமல் மாதிரியில் கடல் தரையின் சொரசொரப்பைக் கூட்டினார். தரை சொரசொரத்தால் அலை சோர்ந்துவிடும். அலை சமர்த்தாக முழங்காலுக்கு இறங்கியது. அடுத்த திங்கட்கிழமை கருவி இடுப்பளவு என்றது.

இப்போது கணக்கில் எவ்வளவு என்று மாப்பிள்ளை மறுபடியும் கேட்க, முழங்கால் என்று இவரும் வாயைவிட்டார். மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போயிற்று. சுத்த நடிப்பு என்று இவர் முடிவுகட்டினார். அறைக்குத் திரும்பியதும் சொரசொரப்பைக் குறைத்து அலையை இடுப்புக்கு ஏற்றினார். மூன்றாம் வாரம் கருவி முழங்காலில் வந்து நின்றது.

கடல் என்றால் மாறத்தானே செய்யும் என்றாள் மனைவி.

"மாறட்டும். எனக்கு எதிரா மட்டும் ஏன் மாறுது?"

அளவு வருவதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை ஸ்கூட்டரில் போவதைக் கடைத்தெருவில் பார்த்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பேன்ட் இடுப்புவரை நனைந்திருந்தது, செருப்பில் மணல். லீவு நாளில் கடலில் என்ன வேலை? கணக்கைத் தெரிந்துகொண்டு, அதற்கு நேர்மாறாகக் கருவியில் கைவைக்கிறார். இனி பொறுப்பதில்லை.

மறுநாள் காலையிலேயே பொறி வைத்தார். மாப்பிள்ளை கேட்பதற்கு முன்பே, கணக்கைத் திருத்திவிட்டதாகவும் முழங்காலளவு வருவதாகவும் சொன்னார். பச்சைப் பொய். மாதிரியில் அலை இடுப்பில்தான் நின்றது. எதையும் தலைகீழாக்குகிறவர் இதையும் தலைகீழாக்கி இடுப்பைக் கொண்டுவந்து நீட்டுவார், கணக்கு ஜம்மென்று பொருந்திவிடும் என்பது ஏற்பாடு. அந்த வாரம் முழுக்க இவர் விசிலடித்துக்கொண்டு திரிந்தார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் அளவுகள் வந்தன. முழங்கால். இவர் சொன்ன பொய், அச்சுப் பிசகாமல்.

பொறியையும் மோப்பம் பிடித்துவிட்டார் என்று இவர் நேரே இயக்குநரிடம் போய், மாப்பிள்ளை கருவியில் கைவைக்கிறார் என்று கொட்டித் தீர்த்தார். இயக்குநர் மறுபடி சிரித்தார்.

"நாளைக்குள்ள நிரூபிங்க. நிரூபிச்சா அவருக்குக் கிடங்கு, இல்லேன்னா உங்களுக்கு."

ஆபீஸ் விட்டதும் தங்கை வீட்டுக் கதவைத் தட்டினார். மாப்பிள்ளை இல்லை. பால்கனிக் கொடியில் அதே பேன்ட் மறுபடியும் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. தங்கை ஒரு சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள். இவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"உன் வீட்டுக்காரர் லீவு நாள்ல கடலுக்குப் போய் என்ன பண்றார்? என்னைக் கிடங்குக்கு அனுப்பாம விடமாட்டாரா?"

தங்கை சட்டையை உதறிக் கொடியில் போட்டாள்.

"உங்க மெஷினை எரிச்ச நாள்லேருந்து அவருக்கு மனசே கேக்கலைண்ணா, மச்சான் கணக்கு தப்பா இருக்காது, நான்தான் கருவியைத் தப்பான இடத்துல போட்டிருக்கேன்னு, நீங்க சொல்ற அலை எங்க அடிக்குதுன்னு தேடித் தேடி வாரா வாரம் அங்க தூக்கிப் போட்டுட்டு வர்றாரு."