நாலு எலுமிச்சம்பழமும் ஒரு புளூடூத்தும்

புளூடூத்துக்குக் கம்பி கிடையாது என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இது பிழை; உடனடியாகத் திருத்தப்பட வேண்டிய பிழை. கம்பி உண்டு. அதன் ஒரு முனை காரில் இருக்கிறது, மறு முனை மனைவியின் கையில். அடித்துக்கொண்டிருந்த கூட்டங்களை ஒன்று சேர்த்த டென்மார்க் ராஜா ஒருவரின் பட்டப்பெயரைத்தான் இதற்கு வைத்தார்களாம். அந்த ராஜா ஆரணிப் பக்கம் வந்ததில்லை.

ஆரணியில் பத்துத் தறிக்குப் பாவு நூல் கொடுத்துப் பட்டுப்புடவை நெய்து வாங்கும் தணிகாசலத்துக்கு இந்த உண்மை கார் வாங்கிய அன்றே தெரிந்திருக்க வேண்டும். அன்று அவர் நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். பழம் நசுங்க வேண்டுமே தவிர உருளக் கூடாது என்று பூசாரியோடு சண்டை வேறு. நாலாவது பழம் நசுங்குவதற்குள், உள்ளே உட்கார்ந்திருந்த அவர் மனைவி குணசுந்தரி தன் போனைக் காரோடு சேர்த்துவிட்டாள்.

அன்று முதல் சாவியைத் திருப்பினால் திரையில் 'குணா' என்று வரும். அவர் போனைக் கார் கண்டுகொள்ளாது. தேசூரிலிருந்து மாமியார் கூப்பிட்டால் நாலு ஸ்பீக்கரிலும் வருவார். "அந்த மனுசன் இன்னும் நாப்பதுலதான் ஓட்டிகினு கீறாரா?" என்று கேட்பார். அந்த மனுசன் கேட்டுக்கொண்டே ஓட்டுவார்.

இதற்கு நடுவில் ஒரு புடவை. புது டிசைனில் தறியிலிருந்து அறுக்கும் முதல் புடவை குணசுந்தரிக்கு என்பது அந்த வீட்டு வழக்கம். இந்த முறை கிளிப்பச்சை, அரக்கு பார்டர். மூன்று வாரமாக அவள் கேட்கிறாள். பாவு சிக்கிக்கொண்டது என்று அவர் சொல்கிறார். ஆனால் அதை நெய்யும் காத்தவராயன் போன் செய்தால் மட்டும், செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய்ப் பேசுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை போளூரில் ஒரு காதுகுத்து. காரில் ஏறினார்கள். 'குணா' என்று வந்தது. தணிகாசலத்துக்குச் சுர்ரென்று ஏறியது.

"இது யார் வண்டி?"

"நம்ம வண்டிங்க."

"ஆர்.சி. புக்ல யார் பேரு?"

"உங்க பேருதான். டீசல் போடறதும் நீங்கதான். யாரு இல்லன்னாங்க?"

"அப்போ என் போனை ஏன் சேத்துக்க மாட்டேங்குது?"

"எங்க அக்கா வூட்டுக்காரரு அவரு வண்டியில ஒரே நிமிஷத்துல சேத்துட்டாரு. அவருக்கு மூளைங்க. உங்களுக்கு எதுக்கு இந்த பேஜாரு? வுட்டுடுங்க."

அக்கா வீட்டுக்காரர் என்ற சொல் தணிகாசலத்தின் காதில் விழுந்தால் அதன்பின் வேறெதுவும் விழாது. திரையில் இருந்த 'குணா'வை, பேரை அல்ல, ஆளையே ஒழிப்பதுபோல் விரலால் குத்தி அழித்தார். தன் போனை எடுத்துக் காரைத் தேடினார். கார் ஆறு எண்களைக் காட்டியது. போனும் அதே ஆறைக் காட்டியது.

"ஜல்தியா ஓகே குடுங்க, இல்லன்னா போயிடும்," என்றாள் குணசுந்தரி. "காண்டாக்ட் கேக்குதா? அதுக்கும் ஓகே. அடுத்ததுக்கும்."

எதிரி எதற்காக வழி சொல்கிறாள் என்று யோசிக்கக் கோபம் அவரை விடவில்லை. திரையில் 'தணிகாசலம்' என்று வந்தது.

"பாத்தியா! இனிமே இந்த வண்டியில என் போன்தான் பேசும்!"

"பேசட்டுங்க," என்றாள் குணசுந்தரி. மணி பார்த்தாள். பத்தாக ஐந்து நிமிடம்.

போளூர் ரோட்டில் முன்னால் பஸ், பின்னால் லாரி. போன் அடித்தது. திரையில் கட்டை விரல் அளவு எழுத்தில் 'காத்தவராயன்'. தணிகாசலத்தின் கை சட்டைப் பைக்குப் பறந்தது.

"வண்டி ஓட்டறப்போ போனைத் தொடக்கூடாதுங்க," என்று சொல்லி, குணசுந்தரி திரையில் இருந்த பச்சையை அழுத்தினாள்.

"அண்ணா! பத்து மணிக்குக் கூப்புட சொன்னீங்களாமே? அண்ணி சொன்னாங்க."

தணிகாசலம் மனைவியைப் பார்த்தார். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் பேசறேன், வையி!"

"ஒரு நிமிஷம்ணா. கிளிப்பச்சை அறுத்து மூணு நாளாவுது. வெம்பாக்கத்துலேர்ந்து உங்க தங்கச்சி ரெண்டு வாட்டி போன் பண்ணிட்டாங்க, பொண்ணு நிச்சயதார்த்தத்துக்கு வேணுமாம். நானே கொண்டுபோய்க் குடுத்துடட்டா? அண்ணி கேட்டா, நீங்க சொன்ன மாதிரியே பாவு சிக்கிகினு கீதுன்னுதான் சொல்லிகினு கீறேன். இனிமே தறியே ஒடஞ்சி போச்சின்னு சொல்லட்டா?"

நாலு ஸ்பீக்கரும் நல்ல ஸ்பீக்கர். ஒரு சொல்லும் வீணாகவில்லை.

"காத்தவராயா, அண்ணிதான் பேசறேன். தறி நல்லா இருக்கட்டும்பா. பொடவைய எடுத்துகினு சாயந்தரம் நேரா நம்ம வூட்டுக்கு வா."

"சரிங்கண்ணி," என்று சொல்லிக் காத்தவராயன் போனை வைத்தான்.

"வேவு பாக்கறியா?" என்று கத்தினார் தணிகாசலம். பஸ்ஸில் பின்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நானா? கார்ல போன் பேசணும்னு குதிச்சது யாரு? நான் வுட்டுடுங்கன்னுதானே சொன்னேன்?"

"கூடப் பொறந்தவ கேட்டா. இல்லன்னு எப்படிடி சொல்றது?"

"குடுக்க வேணாம்னா சொன்னேன்? என்னைக் கேட்டிருந்தா, உங்க தங்கச்சி மணிமேகலை பொண்ணுக்கு என் கையாலயே கட்டிவுட்டிருப்பேன். பாவு சிக்கிச்சாம் பாவு! மூணு வாரமா நெசவுக்காரங்க முன்னாடி என்னை முட்டாளாக்கி வெச்சிருக்கீங்க. இப்போ அது என் பொடவை."

சாயந்தரம் காத்தவராயன் புடவையைக் கொண்டுவந்து குணசுந்தரியின் கையில் கொடுத்தான்.

மறுநாள் தங்கையைச் சமாதானப்படுத்தத் தணிகாசலம் வெம்பாக்கம் கிளம்பினார். கார்ச்சாவி குணசுந்தரியின் பூட்டிய பீரோவில், கிளிப்பச்சைப் புடவைக்கு அடியில் இருந்தது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை.