ஹெட்போனுக்குப் போட்ட உப்பு

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். உப்பைக் குழியில் கொட்டியவன் என்ன ஆவான் என்று பெரியவர்கள் யாரும் சொல்லி வைக்கவில்லை. எனக்குத் தெரியும். ஆகிக் காட்டியவன் நான்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு இருபத்து மூன்று வயது. சிங்காநல்லூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வேலை. ஓடுகிற மோட்டாரின் மேல் காதை வைத்து, இது நல்ல இரைச்சல், இது கெட்ட இரைச்சல் என்று பிரித்துச் சீட்டு ஒட்ட வேண்டும். அந்த உத்தியோகத்தால், கோயமுத்தூர் ஜில்லாவிலேயே என் காதுக்கு மிஞ்சிய காது கிடையாது என்று ஒரு நினைப்பு எனக்குள் வேர்விட்டிருந்தது. (நினைப்புதானே பொழப்பைக் கெடுக்கும்!)

அந்தக் காதுகளுக்குத் தகுந்த மரியாதை செய்யத்தான் ஹெட்போன் வாங்கினேன். கோட்டைமேட்டில் ஃபாரின் சாமான் கடை வைத்திருந்த சாகுல் பாய், அதை வெல்வெட் துணியிலிருந்து எடுத்துக் காட்டியபோது எனக்குக் கண் கலங்கியது. ஜெர்மனியில் செய்தது. இரண்டு தேங்காய்த் தொட்டியைக் கவிழ்த்த அளவுக்குப் பெரிது.

"இதப் போட்டுக் கேட்டீங்கன்னா, பாடறவங்க நடுவுல எச்சி முழுங்கறதுகூடக் கேக்குமுங்க தம்பி," என்றார் பாய்.

பாடகர்கள் எச்சில் விழுங்குவதை நான் ஏன் கேட்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. மாசக்கணக்கில் சேர்த்ததை அப்படியே கொடுத்துவிட்டு, டவுன் பஸ்ஸில் அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

நல்ல ஹெட்போனை வாங்கினால் மட்டும் போதாது, அதற்கேற்ற சூழ்நிலை வேண்டும் என்று ஏதோ ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். எனவே என் மாடி அறையின் ஜன்னலை இலவம்பஞ்சு மெத்தையால் அடைத்தேன். ஃபேன் கடகடத்ததால் அதை நிறுத்தினேன். டேப் டெக்கும் ஆம்ப்ளிஃபயரும் அதிராமல் இருக்க, அடியில் சைக்கிள் ட்யூபை வெட்டி வைத்தேன். சித்திரை மாத வெயிலில், காற்று நுழையாத அறையில், வெறும் பனியனோடு, கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்திருப்பேன். வேர்வை மட்டும் அசையும்.

"அவன் பாட்டுக் கேக்கறானா, இல்ல அடை காக்கறானா?" என்று அப்பா கீழே இருந்து விசாரிப்பார்.

அம்மாவின் கிரைண்டர் இன்னொரு தலைவலி. எங்கள் ஊரில் கிரைண்டர் என்பது வீட்டுக்கு மூத்த பிள்ளை. அதை எதிர்த்து யாரும் பேச முடியாது. நான் பேசினேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல் மாவாட்டக் கூடாது என்று சட்டம் போட்டேன். "ஆகட்டுஞ் சாமி. விடிஞ்சா இட்லிக்குப் பதிலா அந்தப் பொட்டியவே வேக வெச்சுத் தாரேன், தின்னுபோட்டு வேலைக்குப் போ," என்றார் அம்மா. சட்டம் அன்றைக்கே வாபஸ்.

இவ்வளவு செய்தும் ஒரு குறை இருந்தது. பாட்டு நிற்கிற இடைவெளியில், ஆழத்தில் ஓர் இரைச்சல். "ங்ங்ங்" என்று, தூரத்தில் யாரோ போரிங் மோட்டாரைப் போட்டுவிட்டு அணைக்க மறந்த மாதிரி. ஃப்ரிட்ஜை அணைத்தேன். போகவில்லை. டியூப்லைட்டை அணைத்தேன். போகவில்லை. ஒருநாள் மாடிக்கு வரும் வயரைத் தவிர வீட்டின் எல்லா ஃபியூஸையும் பிடுங்கினேன். அப்போதும் போகவில்லை. குளித்துக்கொண்டிருந்த அப்பாவின் பொறுமைதான் போயிற்று. கெட்ட இரைச்சல் மோட்டாரைத் திருப்பி அனுப்புகிறவன் வீட்டிலேயே கெட்ட இரைச்சலா? எனக்குச் சோறு இறங்கவில்லை.

பாயிடம் போய் அழாக்குறையாகச் சொன்னேன்.

"ஹெட்போன்ல கோளாறே இருக்காதுங்க. உங்க ஊட்டு எர்த்து காஞ்சு கெடக்கும். குழியில கல்லுப்பும் அடுப்புக்கரியும் போட்டு, நாலு கொடம் தண்ணி ஊத்திப் பாருங்க," என்றார்.

எனக்கு நெற்றியில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. மோட்டார் கம்பெனிக்காரனுக்கு இது தெரியாமல் போயிற்றே! கம்பெனியில் கோடைக்குக் கோடை எர்த்துக் குழிக்கு உப்புப் போடுவதை நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற அந்தக் குழி எங்கள் வீட்டில் கொல்லையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. வீடு கட்டியதிலிருந்து அதை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

இந்த நேரத்தில்தான் சுமதி அக்காவுக்கு இடம் முடிவானது. அக்காவுக்கு இருபத்தாறு வயது. அதற்குமுன் இரண்டு இடம் கைகூடி வந்து தட்டிப்போயிருந்தன. ஒன்று ஜாதகம், இன்னொன்றுக்குக் காரணமே சொல்லவில்லை. இரண்டாவது தடவை அக்கா மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. இந்த மூன்றாவது இடம் அவளுக்கே பிடித்திருந்தது. மாப்பிள்ளை பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் வாத்தியார். அவர் வந்து பார்த்துவிட்டுப் போனதிலிருந்து அவள் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். இது எப்படியாவது நடந்துவிட வேண்டும் என்று நான் உண்மையாகவே சாமியிடம் வேண்டிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்தை உறுதி செய்ய உப்புச்சக்கரை மாற்றுவார்கள். இரண்டு வீட்டாரும் ஆளுக்குக் கொஞ்சம் உப்பும் சர்க்கரையும் வாங்கி வைத்து, ஒறம்பரைகளின், அதாவது சொந்தபந்தங்களின், முன்னால் மாற்றிக்கொள்வது. அது முடிந்துவிட்டால் அப்புறம் பேச்சு மாறக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மூன்றரையிலிருந்து நாலரைக்குள் எங்கள் வீட்டில் மாற்றுவதாக ஏற்பாடு. நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும்.

மாப்பிள்ளைக்குப் பாட்டென்றால் உயிர் என்று தரகர் சொல்லியிருந்தார். என் மூளை வேலை செய்ய இது ஒன்று போதாதா? சடங்கு முடிந்ததும் மாப்பிள்ளையை மாடிக்கு அழைத்துப் போய், ஹெட்போனை மாட்டி அசத்திவிட வேண்டும். 'இப்பேர்ப்பட்ட மச்சினன் உள்ள வீடா!' என்று அவர் மலைக்க வேண்டும். அதற்கு அந்த இரைச்சல் போயாக வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கடைசி ஒத்திகையாக ஒரு நாகஸ்வரக் கேசட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு மஞ்சள் பையோடு மாடிக்கு வந்து நின்று வாயசைத்தார். ஹெட்போனைக் கழற்றினால் ராகம் அறுபட்டுவிடும் என்பதால், நான் மிகுந்த மரியாதையோடு தலையை ஆட்டினேன். அம்மா திருப்தியாக இறங்கிப் போனார். அவர் சொன்னது என்னவென்று பிற்பாடுதான் தெரிந்தது: "சாமி, இந்த மஞ்சப் பையில மாத்தற உப்பு இருக்குது. சாமி ரூம்புல வெக்கறேன். நீதான் பொறுப்பு, ஒருத்தரையும் தொட உட்டறாத!"

அதாவது, அந்த உப்புக்குக் காவல்காரனே நான்தான்.

மதியம் சமையல் முடிந்து எல்லாரும் முன்வாசலில் சேர் போட்டுக்கொண்டிருந்தபோது, மம்முட்டியோடு கொல்லைக்குப் போனேன். கரி, இஸ்திரிக்காரரிடம் வாங்கி வைத்திருந்தது. உப்புக்கு அடுப்படி ஜாடியைக் கவிழ்த்தேன். குழிக்கு அது சோளப்பொரி. வேறு எங்காவது இருக்குமா என்று வீட்டைச் சுற்றி வந்தால், சாமி அறையில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில், மஞ்சள் பை நிறையக் கல்லுப்பு. இதைக் கடவுள் காட்டிய வழி என்றே நினைத்தேன். (சத்தியமாக விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் எடுத்தேன்.) கொட்டி, கரி போட்டு, நாலு குடம் தண்ணீர் ஊற்றி, மண்ணைப் போட்டு மூடினேன். செய்கிற வேலையைத் திருத்தமாகச் செய்ய வேண்டும் அல்லவா, பையையும் அலசிக் கொடியில் காயப் போட்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். அவர்கள் பக்கத்துப் பெரிய தலை மாப்பிள்ளையின் பெரியப்பா. அந்தியூர்க்காரர். வருஷா வருஷம் சந்தையில் குதிரைகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். என்னையும் காலிலிருந்து தலைவரை ஒரு பார்வை பார்த்தார். பல்லைத்தான் பிடித்துப் பார்க்கவில்லை.

மணி மூன்றே முக்கால். அவர்கள் தட்டு சபைக்கு வந்துவிட்டது. "உங்க தட்டக் கொண்டாங்கம்மணி," என்றார் பெரியப்பா. அம்மா உள்ளே போனார். போனவர் வரவில்லை. பிறகு சாமி அறைக் கதவிடுக்கில் அம்மாவின் கை மட்டும் தெரிந்து என்னைக் கூப்பிட்டது.

"மஞ்சப் பை எங்கடா?"

"கொடியில காயுதுங்கம்மா."

"உப்பு?"

"எர்த்துக்குப் போட்டுட்டேங்."

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்பா வந்தார், விஷயம் கேட்டார், அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இந்தச் சடங்குக்குப் போய் அக்கம்பக்கத்தில் உப்பு இரவல் வாங்குவதா? கனவிலும் நடக்காது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை பறந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், மளிகைக் கடை ஒன்றுவிடாமல் ஷட்டர் போட்டிருந்தது. பீடாக்கடைக்காரரிடம் உப்புக் கேட்டேன். அவர் என்னை அனுதாபத்தோடு பார்த்து, "சோடா குடிக்கறீங்களா?" என்றார்.

திரும்பி வந்தபோது மணி நாலு அஞ்சு. உப்பு இல்லாமல் போன செய்தி அதற்குள் சாமி அறையிலிருந்து வாசலுக்கு வந்து சேர்ந்திருந்தது. யாரோ ஒரு அம்மா, "நல்ல காரியத்துல உப்புத் தொலையறதுன்னா..." என்று இழுத்தார். அந்த இழுவையைக் கேட்டு அறைக்குள்ளிருந்த அக்கா என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. மூன்றாவது தடவையும் போயிற்றா என்பதுபோல் பார்த்தாள். வாழ்க்கையில் எத்தனையோ அவமானப்பட்டிருக்கிறேன். அந்தப் பார்வைக்கு ஈடாக எதுவும் என்னைச் சுட்டதில்லை.

நேராகப் போய்ப் பெரியப்பா முன்னால் நின்றேன். "தப்பு என் மேலதானுங்க. உப்ப எர்த்துக் குழியில போட்டது நானுங்க. அக்காளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். கிணறும் மோட்டாருமாக வாழ்கிற விவசாயி அல்லவா. "எந்த மோட்டாருக்குப்பா? எத்தன எச்.பி.?"

"மோட்டாருக்கு இல்லீங்க." மாடியைக் கைகாட்டினேன். "பாட்டுக் கேக்கறதுக்குங்க."

யாரோ பின்னால் இருமினார்கள். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "ஊட்டு உப்பையெல்லாம் தின்னு போட்ட பாட்டு எப்பிடித்தான் இருக்குதுன்னு பாத்தரலாம். வா."

மாடி ஏறினார். பின்னாலேயே மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அப்பா, என் அப்பா, இடம் இருந்த வரைக்கும் ஒறம்பரைகள். அந்த அனல் அறையில் பெரியப்பாவின் தலையில் ஹெட்போனை மாட்டி, நாகஸ்வரக் கேசட்டை ஓட விட்டேன். அவர் கண்கள் விரிந்தன. விரல் தொடையில் தாளம் போட்டது. மேளம் சேர்ந்ததும் நான் வழக்கம்போல் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினேன்.

அப்போதுதான் அவர் தன் தம்பி பக்கம், அதாவது மாப்பிள்ளையின் அப்பா பக்கம் சாய்ந்து, கையை வாய்க்குக் குறுக்கே வைத்து, ரகசியம் பேசினார். காதில் மேளம் முழங்கும்போது ரகசியத்தின் அளவு மனிதனுக்குப் பிடிபடுவதில்லை. அந்தியூர்ச் சந்தையில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கேட்கிற குரலில் அவர் ரகசியம் சொன்னார்:

"டேய், புள்ள தங்கமாட்டம் இருக்குது! தம்பிக்காரந்தான் கொஞ்சம் கழண்ட கேசு! உப்புக் கெடக்குது உடு, இந்த எடத்த உட்டா உன்ற மவனுக்கு வேற எவன்டா பொண்ணு குடுப்பான்? முடிச்சுப்போடு!"

மாடியில் இருந்தவர்கள், படியில் இருந்தவர்கள், வாசலில் இருந்தவர்கள், அடுத்த வீட்டுக்காரர்கள், எல்லாரும் கேட்டார்கள். மாப்பிள்ளை உத்தரத்தைப் பார்த்தார். கீழே சாமி அறையிலிருந்து அக்காவின் சிரிப்புச் சத்தம் வந்தது. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பெரியப்பா ஹெட்போனைக் கழற்றி, "ஏன், எல்லாரும் என்ற மூஞ்சியவே பாக்கறீங்க?" என்றார்.

நாலு இருபதுக்கு, அவர்கள் கொண்டுவந்த உப்பையே இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை எங்கள் தட்டில் போட்டு, அதையே மாற்றி முடித்தார்கள். "போச்சாது போங்க, பரவால்ல. மண்ணுலதான போட்டிருக்குது, எங்கியும் போயராது," என்றார் பெரியப்பா.

விருந்து முடிந்து மாப்பிள்ளை தனியாக மாடிக்கு வந்தார். ஹெட்போனைப் போட்டு, பாட்டு முடிகிற வரை பொறுமையாகக் கேட்டார். "நல்லாருக்குது. ஆனா உள்ளுக்குள்ள 'ங்ங்'னு என்னமோ இரையுதே?"

இரண்டு ஜாடி அளவு உப்பும் ஒரு குடும்பத்தின் மானமும் உள்ளே போயும், அது அங்கேயேதான் இருந்தது! மாப்பிள்ளை எழுந்து, டெக்குக்குப் பின்னால் கையை விட்டு, ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற வயரின் பின்னைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். சரியாகச் சொருகாமல் தளர்ந்திருந்ததாம். ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினார். இரைச்சல் நின்றிருந்தது. அந்த நிசப்தத்தில் பாய் சொன்னது உண்மைதான் என்று தெரிந்தது. எச்சில் விழுங்குவது தெளிவாகக் கேட்டது. என் எச்சில்தான்.

சில வருஷம் கழித்து, என் நிச்சயத்தின்போது உப்புப் பையை அக்கா மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரியப்பா கடைசிவரை என்னை "எர்த்து" என்றுதான் கூப்பிட்டார்.

அக்காவுக்கும் மச்சானுக்கும் இன்றைக்கும் மாசத்துக்கு ஒரு சண்டை வரும். "உப்பே மாத்தாத கல்யாணம்தான இது? நான் எங்க ஊட்டுக்குப் போறேன்!" என்பாள் அக்கா. "பேஷாப் போ. போயி குழியத் தோண்டி உன்ற ஊட்டு உப்ப எடுத்துட்டு வந்து வெச்சுட்டுப் பேசு," என்பார் மச்சான். உடனே எனக்கு ஃபோன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "டேய், மம்முட்டிய எடுத்து வெய்யி, வாரேன்!"

அந்தக் குழியின் மேல் சிமெண்டுத் தளம் போட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இருந்தாலும் ஃபோன் வந்தால் நான் கொல்லைக்குப் போய் மம்முட்டியை எடுத்துச் சுவரில் சாய்த்து வைக்கிறேன். இதுவரை அவள் தோண்ட வந்ததில்லை.