டீச்சருக்குக் காய்ச்சல் வேண்டிய கமிஷனர்

எங்கள் தெருவில் கமிஷனர் அனுமதி இல்லாமல் மழைகூடப் பெய்ததில்லை. மீறிப் பெய்தால் வானத்தைப் பார்த்து ஒரு விசாரணை நடக்கும்.

போலீஸ் கமிஷனரைச் சொல்லவில்லை. விடியற்காலையில் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து, எங்கள் பள்ளிக்கூட வாசலில் கூடை போட்டு விற்ற பெண்ணைச் சொல்கிறேன். ஒருநாள் போலீஸ் ஜீப் ஒன்று வந்து நின்று, கூடையை நகர்த்தச் சொன்னது. "கூடையில சரக்கு கீது. உன் வண்டி காலியா கீது. எது நவுர்றது சுலபம், நீயே சொல்லு நைனா" என்றாள். ஜீப் வந்த வழியே பின்னால் போனது. அன்று மாலைக்குள் அவளுடைய சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துவிட்டது.

நான் அந்தப் பள்ளியில் ஆயா வேலை பார்த்தேன். பெருக்குவது, மணி அடிப்பது, பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பது. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன படிப்பு என்றாலும் காதுக்குக் குறைவில்லை. கமிஷனர் வாசலில் பேசினால் மாடி வகுப்பில் கேட்கும். பால் வண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், யார் பெண்ணை யாருக்குக் கொடுக்கலாம், பக்கத்துத் தெரு மாதா கோவிலில் மணி ஏன் தாமதம், எல்லாம் அவள் இலாகா. மாதா கோவிலுக்குள் அவள் கால் வைத்ததே கிடையாது.

இப்படி ஊரையே ஆண்டவள் ஒரே ஒருத்தியிடம் தோற்றுப்போயிருந்தாள். அது அவள் மகள் ரோஜா. கல்யாணமாகி நெடுங்காலம் கழித்துப் பிறந்த ஒற்றைப் பெண். இரண்டாம் வகுப்பு. புத்தகத்தைத் திற என்றால் அவளுக்கு வயிற்றுவலி வரும். என்னிடம் ஓடி வந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வாள். தமிழ்ப் பாடம் முடிந்த மணி அடித்ததும் வலி போய்விடும்.

அந்த வருடம்தான் தென்காசி டீச்சர் வந்தார். முதல் வேலை. கணவரையும் கைக்குழந்தையையும் ஊரில் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு, ராயபுரத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினார். ரோஜாவைத் தேடித் தொட்டிக்குப் பின்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். "எனக்கும் வயிறு வலிக்கத்தான் செய்யி. நாம ரெண்டு பேரும் இங்கனயே படிப்போமா?" என்றார். கொஞ்ச மாதத்தில் ரோஜா கடைப் பலகை, பஸ் பலகை, சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி என்று எதையும் விடாமல் வாசிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு பலகைக்கும் நின்று நின்று, பக்கத்திலிருந்த வீட்டுக்கு அம்மாவும் மகளும் போய்ச் சேர வெகுநேரம் ஆனது. "பலகையெல்லாம் இன்னிக்கு லீவுடி, வூட்டுக்கு வாடி" என்று கமிஷனர் கெஞ்சியதை நானே கேட்டேன்.

அப்போதுதான் அந்தச் சட்டம் அவள் காதில் விழுந்தது.

ஹெச்.எம். அம்மாவுக்கு நெத்திலி கொடுக்க அறை வாசலில் நின்றிருந்தாள். உள்ளே அவர் தென்காசி டீச்சருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "முதல் ரெண்டு வருஷம் உங்களுக்குத் தகுதிகாண் பருவம்மா. வேலைக்குத் தகுதியா இருக்கீங்களான்னு பார்க்கிற காலம். நடுவுல மெடிக்கல் லீவு, நீண்ட லீவுன்னு போனா அத்தனை நாளும் பின்னாடி கூடிடும். அதை முடிச்சு ஆர்டர் வந்தாத்தான் உங்க ஊர்ப் பக்கம் மாறுதல் கேட்க முடியும்."

டீச்சர் தலையாட்டினார். வாசலில் கமிஷனரும் தலையாட்டினாள். நெத்திலியை அப்படியே என் கையில் திணித்துவிட்டு என்னைத் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"யக்கா, கேட்டுகினியா? லீவு போட்டா இங்கயே இருக்கணும். லீவு போடாங்காட்டி ஊருக்கு ஓடிடுவாங்க."

"ஆமாம், அதுக்கென்ன?"

"இன்னா அதுக்கென்னவா? டீச்சருக்கு ஒடம்பு சரியில்ல யக்கா."

"நல்லாத்தானே இருக்காங்க."

"இனிமே சரியில்ல."

மறுநாள் காலை வாசலிலேயே டீச்சரை நிறுத்தினாள். "டீச்சர், கண்ணு மஞ்சளா கீதே. வூட்டுக்குப் போயி படுங்க." அடுத்த நாள், "ஜல்ப்பு புட்ச்சிகினு கீதா? கொரலு ஒரு மாதிரி கீது." அதற்கடுத்த வாரம், "கால் வீங்கின மாதிரி தெர்து. ஒரு மாசம் லீவு போட்டா செரியாப் பூடும்." டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மாகூட என்னைய இப்படிக் கவனிச்சதில்லக்கா" என்றார். கமிஷனர் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கூடையில் வைத்தாள்.

இதில் அவள் செய்த பெரிய தப்பு ஒன்று உண்டு. டீச்சர் மேல் இருந்த பிரியத்தில் தினமும் குழம்பும் மீனுமாகக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒருநாள் சுறாப் புட்டு, ஒருநாள் சங்கரா, ஒருநாள் காரப்பொடி மீன் வறுவல். ஒட்டடைக் குச்சி மாதிரி வந்த டீச்சர் கன்னம் உப்பி, கூந்தல் அடர்ந்து, தும்மல்கூட இல்லாமல் வளைய வந்தார். ஊரே சளியில் மூக்கை உறிஞ்சிய மார்கழியிலும் முதல் ஆளாகப் பள்ளிக்கு வந்தது அவர்தான். "நானே ஆக்கிப் போட்டு நானே கெடுத்துகினேன் யக்கா" என்று கமிஷனர் தலையில் கைவைத்தாள். குழம்பை நிறுத்தலாமே என்றேன். "அய்யே, அந்தப் பாவம் நமக்கு இன்னாத்துக்கு?" என்றாள்.

அடுத்து, நடத்தையில் குறை சொன்னாலும் தகுதிகாண் பருவத்தை நீட்டிப்பார்கள் என்று யாரோ அவள் காதில் ஓதிவிட்டார்கள். உடனே புகார் கொடுக்க ஹெச்.எம். அறைக்குள் போனாள். நான் துடைப்பத்தோடு வாசலில் நின்றேன்.

"சொல்லும்மா, என்ன புகார்?"

"அந்த டீச்சர் வந்ததிலேர்ந்து புள்ளைங்க வூட்லயும் படிச்சிகினே கீதுங்க. டிவி போட வுட மாட்டுதுங்க."

"சரி."

"அட்ச்சா அழுவுற புள்ளைங்கள கண்டுகீறேன். ஞாயித்துக்கெயம இஸ்கூல் இல்லன்னு அழுவுறத இப்பதான் பாக்குறேன். பேஜாரா கீது."

ஹெச்.எம். அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "வேற?"

"பத்தாதா?"

"இதையெல்லாம் அப்படியே அவங்க அறிக்கையில எழுதிடறேன். சீக்கிரமே முடிச்சுக் கொடுத்துடுவாங்க."

வெளியே வந்த கமிஷனர் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை.

மனிதர்களால் ஆகாது என்று தெரிந்ததும் அம்மன் கோவிலுக்குப் போனாள். வேண்டுதலை என்னிடமும் சொன்னாள். அவள் சாமியிடம் கேட்பதும் ஏலம் கேட்பது போலத்தான் இருக்கும். "உயிருக்கு ஒண்ணும் ஆவக் கூடாது. ஆசுபத்திரி ஊசி வாணாம். லீவு போடுற அளவுக்கு மட்டும் ஒரு ஜொரம் குடு தாயே. கூழு ஊத்துறேன்."

அம்மன் என்ன நினைத்தாளோ, அந்த ஆடியில் டீச்சருக்குக் காய்ச்சல் வந்தது. நிஜமான டைபாய்டு. டீச்சர் மெடிக்கல் லீவில் போனார். அவர் எடுத்துக்கொண்டிருந்த ரோஜாவின் மூன்றாம் வகுப்பை நான்காம் வகுப்போடு சேர்த்து உட்கார வைத்தார்கள். ரோஜா மறுபடியும் தொட்டிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள். கேட்டது கிடைத்த கமிஷனர் வாசலில் வாயே திறக்கவில்லை. மீன் வாங்க வந்தவர்கள் பேரம் பேச ஆளில்லாமல் தவித்தார்கள்.

ஒருநாள் சாயங்காலம் கஞ்சித் தூக்கோடு என்னையும் இட்டுக்கொண்டு டீச்சர் அறைக்குப் போனாள். டீச்சர் சுவரில் சாய்ந்து ஊருக்கு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். திரையில் அவருடைய பையன். "யாருன்னு சொல்லு பாப்போம்" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். அந்தக் குழந்தை சிரித்துக்கொண்டே, "போன் அம்மா" என்றது. டீச்சரும் சிரித்தார். போனை வைத்த பிறகு முகத்தைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். "இந்த லீவு நாளெல்லாம் கணக்குல கூடிரும்லக்கா. அதுக்குள்ள அவன் இன்னும் வளந்துருவான்."

கமிஷனர் கஞ்சியை ஆற்றி, ஒவ்வொரு வாயாகக் கொடுத்தாள். திரும்பி வரும்போது மேம்பாலம் தாண்டி வெகுதூரம் வந்த பிறகுதான், "அந்தப் பையனுக்கு அவ போன்லதான் கீறா யக்கா" என்றாள். நேராக அம்மன் கோவிலுக்குப் போனாள். இரும்புக் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு வெளியே நின்றே, "போதும், அந்த ஜொரத்த எத்துக்கோ. நான் கேட்டதே தப்பு. கூழு கண்டிப்பா உண்டு" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு டீச்சருக்கு வேறு ஆபத்து ஆரம்பித்தது. உடம்பு தேறி வந்தவரை இனிமேல் ஒரு நாளும் லீவு போட விடுவதில்லை என்று கமிஷனர் முடிவெடுத்துவிட்டாள். டீச்சர் இருமினால் வீதியே சுக்குக் கஷாயம் வைத்தது. யாராவது தும்மிக்கொண்டே டீச்சர் பக்கம் போனால் கூடை மூடியால் அடி விழும். தற்செயல் விடுப்பு எடுத்தால் பாதகமில்லை, அது வேலை நாளாகவே சேரும் என்று ஹெச்.எம். அம்மா எடுத்துச் சொன்னார். "அதெல்லாம் நம்ப முடியாதும்மா, எதுக்கு ரிஸ்கு" என்றாள்.

ஐப்பசி மழையில் ஒருநாள் தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறியது. வகுப்பறைக்குள் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்க நான் மட்டும் போயிருந்தேன். தெருமுனையில் மீன்பாடி வண்டி ஒன்று மிதந்து வந்தது. முன்னால் கமிஷனரின் புருஷன் மிதிக்க, ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் தென்காசி டீச்சர் பையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் இடுப்பளவு நனைந்தபடி கமிஷனர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"யக்கா, கதவத் தொற. டீச்சர் டைமுக்கு வந்துட்டாங்க."

"இன்னைக்கு மழை லீவும்மா. கலெக்டர் விட்டுட்டாரு."

"நான் அப்பவே சொன்னேன்க்கா, வண்டியில ஏறும்போதே சொன்னேன்" என்றார் டீச்சர்.

"கலெக்டர் வுட்டா அவரு வூட்ல இருக்கட்டும். இவங்களுக்கு ஒரு நாளு கொறஞ்சா அவரா வந்து குடுப்பாரு?"

நான் ஹெச்.எம். அம்மாவுக்குப் போன் போட்டுக் கமிஷனர் காதில் வைத்தேன். அரசு விட்ட விடுமுறையால் எதுவும் குறையாது என்று அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு புருஷனைப் பார்த்து, "கேட்டுகினியா, வண்டியத் திருப்பு. வயில நாஸ்டா துன்னுட்டுப் போலாம்" என்றாள்.

ரோஜா நான்காம் வகுப்பு முடிக்கும்போது, தகுதிகாண் பருவம் நிறைவானதாக டீச்சருக்கு ஆர்டர் வந்தது. அடுத்த கலந்தாய்விலேயே தென்காசிப் பக்கம் இடம் கிடைத்தது. போகிற நாளில் பிள்ளைகள் அழுதார்கள், ஹெச்.எம். அம்மா சால்வை போர்த்தினார், ரோஜா ஒரு வாழ்த்து மடலை நிறுத்தாமல் வாசித்தாள். கமிஷனர் மட்டும் உள்ளே வரவில்லை. டீச்சர் வாசலில் அவளைக் கட்டிப்பிடித்தபோது, "மீன் நாத்தம், ரயில்ல திட்டுவாங்க, தள்ளிப் போங்க" என்றாளாம். ஆட்டோ திரும்பும்வரை அந்தப் பக்கம் பார்க்கவே இல்லையாம்.

மணி அடித்துப் பள்ளியைப் பூட்டிவிட்டு நான் வெளியே வந்தேன். கூடை நிறைய மீன் அப்படியே இருந்தது. ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, அவள் கூவாததால் கடை கிடையாது என்று நினைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"இன்னாம்மா, விக்கலையா?"

"தொண்ட கட்டிகிச்சு யக்கா" என்றாள். கண் முழுக்கச் சிவந்திருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் தெருவில் அதுவரை யாரையும் சத்தம் போட்டுக் கூப்பிட்டது கிடையாது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "வஞ்சிரம், வஞ்சிரம்" என்று கூவினேன். கூடையில் இருந்தது சங்கரா. ஊரில் ஒரு தப்பையும் விட்டு வைக்காதவள் அன்று என்னைத் திருத்தவில்லை. என் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.