சூர்யகலா அம்மாவுக்கு உப்பு மூட்டை போன விவகாரம்

மரக்காணம்.

அன்புள்ள மச்சான் சிலம்பரசனுக்கு, உன் மாமா குழந்தைசாமி எழுதுவது. இங்கே உப்புப் பாத்தியில் தண்ணீர் நன்றாகக் காய்கிறது, வீட்டில் உன் அக்கா அமுதவல்லி என் மேல் காய்கிறாள், மற்றபடி சுகத்துக்குக் குறைவில்லை. அங்கே உன் சம்சாரமும் பிள்ளைகளும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும். போனிலேயே பேசியிருக்கலாம். முகம் தெரியாதவர்களெல்லாம் கூப்பிட்டு என் பரம்பரையை விசாரிப்பதால் போனை அணைத்து அரிசி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறோம், அதனால்தான் கடிதம்.

விஷயம் உனக்குத் தெரியாதது இல்லை. என் மகள் ரேணுகா சீரியலில் பூங்கோதை என்ற மருமகளாக நடித்து ஊர் உலகமெல்லாம் நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் ஃபேஸ்புக்கில் சூர்யகலா அம்மாவைப் பற்றி எழுதிய ஒரு வரியை யாரோ வேலையற்றவன் தோண்டி எடுத்துப் போட்டுவிட்டான். அந்த அம்மா அன்றைக்குச் சினிமாவில் கதாநாயகி, இன்றைக்கு அதே சீரியலில் ரேணுகாவுக்கு மாமியார். என்னதான் எழுதினாள் என்று கேட்டால் ஒருவரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. "வுடுங்க மாமா, தப்பா எழுதிட்டா" என்பதோடு நம் உப்பளத்தில் வேலை செய்யும் தனகோடி வாயை மூடிக்கொண்டான். ரேணுகாவும் "எழுதுனது நான்தான், மன்னிச்சிடுங்க" என்று வீடியோ போட்டாள். அழாமல் மன்னிப்புக் கேட்டது திமிர் என்றார்கள். அழுது இன்னொன்று போட்டாள், அது நடிப்பாம். நடிகை வேறு எப்படி அழுவாள், நீயே சொல்.

சரி, பெற்றவன் நான் இறங்கிப் போனால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். நம் பக்கத்தில் நல்லது பொல்லாதது எதற்கும் முதலில் வீட்டுக்குள் போவது உப்பும் மஞ்சளும்தானே. இந்த வருஷத்து முதல் உப்பை, பளிங்காட்டம் வெள்ளையாகப் பொறுக்கி, புதுக் கோணியில் கட்டி, கோணிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, வெற்றிலை பாக்கோடு தனகோடியைச் சென்னை பஸ்ஸில் ஏற்றி அந்த அம்மா வீட்டுக்கு அனுப்பினேன். வாசலில் மைக்குக்காரர்கள் நின்றிருக்கிறார்கள். அந்த அம்மா பாவம் சிரித்த முகமாய் வாங்கி, அவர்கள் எதிரிலேயே பிரித்திருக்கிறது. பிரித்ததும் முகம் செத்துவிட்டது. அப்போதுதான் டிவியில் ஒருத்தன் அந்தப் பழைய வரியை உரக்கப் படித்தான். "இந்தம்மா சோத்துல உப்பு போட்டுத்தான் திங்குதா?" கையில் காபியோடு உட்கார்ந்திருந்த நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

மறுநாளே ஒரு மைக்கு உப்பளத்துக்கு வந்தது. நான் உள்ளதைச் சொன்னேன். "தப்பா எடுத்துக்காதீங்க, நல்ல உப்புங்க, மண்ணு கலக்காத உப்பு. அம்மா மனசுல இன்னும் வருத்தம் இருந்தா இன்னொரு மூட்டகூட அனுப்புறேன்." சாயங்காலம் டிவியில், 'மேலும் ஒரு மூட்டை, நடிகையின் தந்தை பகிரங்க மிரட்டல்' என்று ஓடியது. பாத்தியில் நின்ற என்னைக் கீழே இருந்து படம் பிடித்ததில் நானே பார்க்க ரவுடி மாதிரிதான் இருந்தேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சீரியல் கம்பெனியிலிருந்து ஒருத்தர் கூப்பிட்டார். தேன் ஒழுகப் பேசினார். "ரேணுகா மேடம் நல்லா சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க ஐயா, பெருசா பிரேம் போடப் போறோம்" என்றார். கோபம் தணிந்துவிட்டது, பிள்ளைக்கு மரியாதை செய்கிறார்கள் என்று நானும் மாசி மகத்தன்று எடுத்த அரக்குப் புடவைப் படத்தை அனுப்பிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது. பூங்கோதையைக் கார் விபத்தில் சாகடித்து, அந்தப் படத்துக்கு மாலை போட்டு, ஊதுவத்தி கொளுத்தி, சூர்யகலா அம்மா அதன் முன்னால் நின்று அழப் போகிறதாம். "உயிரோட இருக்கிற புள்ளைக்கு மாலையா? அந்தப் படத்த நீயே எடுத்துக் குடுத்தியா?" என்று கேட்ட உன் அக்கா, அதன் பிறகு என்னோடு பேசவும் இல்லை, வாயில் சோறும் வைக்கவில்லை. தெருவில் வேறு "கருமாதி எந்த எபிசோடுல?" என்று விசாரிக்கிறார்கள். வேலை போனால் போகிறது மச்சான், அந்த மாலைதான் எனக்கு நெஞ்சை அடைக்கிறது.

ஆர்ட்டிஸ்ட்டுகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறவன் நீ. அந்த அம்மா தினமும் உன் வண்டியில்தான் வருகிறது. எங்கள் சார்பில் காலில் விழு. பூங்கோதையைத் துபாய்க்கு அனுப்பட்டும், கோமாவில் படுக்க வைக்கட்டும், இவருக்குப் பதில் இவர் என்று வேறு பெண்ணைப் போடட்டும், மாலை மட்டும் வேண்டாம். ஆனால் ஒன்று, அப்படி எழுதியது பச்சை அயோக்கியத்தனம். தன் வேலையைச் செய்கிற ஒரு பொம்பளையைப் பார்த்துச் சோற்றில் உப்பு போடுகிறாயா என்று கேட்ட விரலை அன்றைக்கே ஒடித்திருக்க வேண்டும். வளர்ப்பு சரியில்லை என்று ஊரே சொல்கிறது, நானும் ஒப்புக்கொள்கிறேன்.

உன் வீட்டில் எல்லோரையும் அங்காளம்மன் காத்து நிற்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் மாமா,
குழந்தைசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது ரேணுகா பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். கடிதத்தை வாங்கிப் படித்தாள். "மாமாவுக்கா எழுதுன?" என்று கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துகொண்டாள். விடாமல் கேட்டேன், சொன்னாள். "அத எழுதுனது நான் இல்லப்பா. அந்தம்மா படத்துக்குப் போயிட்டு இன்டர்வெல்லுலயே கடுப்பாகி வெளிய வந்து மாமாதான் எழுதுனாரு. அவரு போன்ல என் அக்கவுண்ட்டு தொறந்தே கெடந்துது, தன்னோடதுன்னு நெனச்சிட்டாரு. இப்ப அவருக்கே ஞாபகம் இருக்காது. நான் உண்மையச் சொன்னா அவரு வேன் போயிடும், ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கினு எங்க போவாரு?"

உன்னிடம் சொல்லக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நான் சொல்லவில்லை, எழுதித்தான் இருக்கிறேன். மேலே நான் திட்டியிருக்கும் இடங்களிலெல்லாம் உன் பெயரைப் போட்டு இன்னொரு முறை படி, திருத்தி எழுத எனக்குக் கை வரவில்லை. வேன் போனால் இங்கே வந்துவிடு, உப்பு வார ஆள் பத்தவில்லை, உன் அக்கா திட்டிக்கொண்டே சோறு போடுவாள். உனக்காக அந்த மாலையைப் போட்டுக்கொள்ள என் மகள் சம்மதித்துவிட்டாள். பெற்றவன் நான் சம்மதிக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஷூட்டிங்காம், அதற்குள் அந்த அம்மா வீட்டுக்குப் போய் எழுதியது நான்தான் என்று சொல்லிவிடு.