சுற்றவாளி அல்லர்

‘ஹெமின் டிரைவர்’ போல மெதுவாக லாரி ஓட்டியவர் இவ்வுலகில் எவருமிலர் என்று தொடங்கவே விருப்பம். ஆயின் உலகம் முழுவதையும் நான் பார்த்ததில்லை. அவரைப் பற்றிப் பிறர் வேண்டிய அளவு புளுகிவிட்டனர். ஆதலால், ஹட்டன் கடைவீதியில் அரிசிக் கடைக் கணக்கனாக இருந்தபோது கடை லாரியில் அவர் பக்கத்து இருக்கையில் அமர்ந்து கண்டதையும், நீதிமன்றத்தில் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன்.

‘ஹெமின்’ என்றால் சிங்களத்தில் மெல்ல. ஒவ்வொரு வளைவிலும் லாரிக்கு அச்சொல்லை மும்முறை ஓதுவார். இறம்பொடை ஏற்றத்தில் விறகு சுமந்து நடந்த பெண்ணொருத்தி எங்களை முந்தினாள்.

“என்னங்கண்ணே, லாரிய மேய விட்டுருக்கீங்களா?”

“நீ போம்மா. நீ விழுந்தா வெறகு செதறும். நான் விழுந்தா மொதலாளி செதறுவாரு.”

இத்தகையவர் மீதுதான் மிகுவேக வழக்குப் பதிவாயிற்று. தோட்டத் துரை ஒருவரின் கார் எங்களை முந்திப் பறந்தது. கான்ஸ்டபிள் கை காட்டினார். கார் நிற்கவில்லை, நாங்கள் நின்றோம். நின்றவருக்கு வழக்கு.

நீதிமன்றத்தில், யாழ்ப்பாணத்தவரான மொழிபெயர்ப்பாளர் வினவினார்: “நீர் குற்றவாளியோ, சுற்றவாளியோ?”

குற்றமற்றவரைச் ‘சுற்றவாளி’ என்பது நம் நீதிமன்ற வழக்கு. லாரிக்காரர் அகராதியிலோ, முதலாளியின் வண்டியைச் சொந்த வேலைக்குச் சுற்றவிடுதலே பெரும் பாதகம். பின்வரிசையில் முதலாளி வேறு அமர்ந்திருந்தார். ஹெமின் டிரைவர் பதறிப்போனார்.

“ஐயோ சாமி, நான் சுத்தவாளி இல்லீங்க! மொதலாளி லாரிய ஒரு அடி சுத்துனதில்லீங்க!”

முதல் வாக்கியம் மட்டும் ஆங்கிலமாகி நீதவானிடம் சேர்ந்தது. சாட்சி சொல்ல நான் எழுந்தேன். “இரும் காணும், அவரே ஒப்புக்கொண்டிட்டார்” என்றார் மொழிபெயர்ப்பாளர். மேல்முறையீட்டுக்கு அலைய எங்களில் எவருக்கும் தெம்பில்லை. அபராதம் கட்டினோம்.

அபராதம் ஒருநாள் காய்ச்சல். காப்புறுதி, அதாவது இன்சூரன்ஸ், தீராத வாதம். தண்டனை பெற்றவர் லாரி ஓட்டினால் ஆண்டுதோறும் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும், அன்றேல் ஆளை மாற்ற வேண்டும் என்று நிறுவனம் எழுதியது. அவரினும் மெதுவாக ஓட்டுபவர் கிடையார் என்று மூன்று கடிதம் எழுதினேன். மூன்றுக்கும் ஒரே விடை.

“கோர்ட்டே ஒரு தடவ தண்டிச்சு விட்டுருச்சு; இவனுங்க வருசா வருசம் தண்டிப்பானுங்களாமே!” என்று முதலாளி கடிதத்தைக் கசக்கினார். பிறகு அவரே அதனை நீவி மடித்து வைத்துக்கொண்டார். கூடுதல் கட்டணம் கட்ட அவரால் இயலாது. எனக்கு அது தெரியும். ஹெமின் டிரைவருக்கும் தெரியும். எவரும் சொல்லுமுன் சாவியை மேசைமீது வைத்தார்.

“வருத்தப்படாதீங்க மொதலாளி. நான் மெதுவாவே போயிட்டு வர்றேங்க.”

புதிய ஓட்டுநர் எவர் கை காட்டினாலும் நிற்பதில்லை. ஆதலால் அவர் மீது வழக்கில்லை. காப்புறுதி நிறுவனம் அவரை நல்லவர் என ஏற்றுக்கொண்டது.

ஹெமின் டிரைவரை உடப்புசல்லாவையில் கண்டதாக ஒருவரும், கொத்மலையில் கண்டதாக இன்னொருவரும் சொன்னார்கள். எதுவும் உறுதிப்படவில்லை. அவர் எங்கே போனார், மீண்டும் லாரி ஓட்டினாரா என்பது எனக்குத் தெரியாது. தெருவில் எந்த வண்டியாவது ஊர்ந்து வந்தால், எழுதுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிறேன்.