மீன்கொத்திக்குப் புளியோதரை

மீன்கொத்திக்கு இலை போட்டுப் புளியோதரை பரிமாறிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் தச்சநல்லூரில் ஸ்டூடியோ வைத்திருந்தார். படம் எடுக்க உட்காருகிற எல்லோரையும் "ஆடாதீய!" என்று அதட்டுவார் என்பதால், ஊருக்கு அவர் 'ஆடாதீய அண்ணாச்சி'. சொந்தப் பெயரை அவர் மனைவியே மறந்திருக்கக்கூடும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ரைஸ் மில் முதலாளி அவரைத் தேடி வந்தார். அடுத்த வருஷக் காலண்டரில் நம் ஆற்றுப் பறவை ஒன்றைப் போடலாம் என்றவர், "கீழ உங்க பேரையும் அச்சடிச்சிருவோம்" என்று ஆசை காட்டிவிட்டுப் போனார். அண்ணாச்சிக்குத் தூக்கம் போயிற்று. பாதி ஊரின் பாஸ்போர்ட் படமும் கல்யாணப் படமும் அவர் எடுத்தவை. ஒன்றின் கீழேயும் அவர் பெயர் வந்ததில்லை.

தூரத்திலிருந்து எடுக்கிற லென்ஸ் அவரிடம் இல்லை. "அது எதுக்குவே? சாப்பாடு போட்டா வராத ஆளு உண்டா?" என்றார். பக்கத்துத் தெரு வாத்தியாரான என்னையும் சிந்துபூந்துறை ஆற்றங்கரைக்கு இழுத்துப் போனார். ஆற்றோரப் பாறையில் இலை விரித்து, வீட்டுப் புளியோதரையை வைத்து, தினமும் காக்கைக்குச் சோறு வைக்கிற பழக்கத்தில் "கா... கா..." என்று குரலும் கொடுத்தார். சுற்றுவட்டாரத்துக் காகம் அத்தனையும் பந்திக்கு வந்துவிட்டது. மீன்கொத்தி எதிர்க்கரை மரத்திலிருந்து வேடிக்கை பார்த்தது.

"அண்ணாச்சி, அது மீன் திங்குத பறவ."

"தெரியும்வே. எங்க வீட்டுப் புளியோதரைய ருசி பாக்காத வரைக்குந்தான் மீன் திங்கும்."

மறுநாள் சுண்டல் வைத்தார். அணில் தின்றது. அதற்கு மறுநாள் அவல் உப்புமா. பசி தாங்காமல் நாங்களே தின்றோம்.

ஒருவழியாக இறங்கி வந்தார். ஆனால் சுத்த சைவம், மீனைத் தொடமாட்டார். நானோ பாளையங்கோட்டைக் கிறிஸ்தவன், மீன் இல்லாமல் சோறு இறங்காதவன். வேலை என் தலையில் விழுந்தது. வலைக்காரரிடம் உயிரோடு கெண்டைக் குஞ்சுகள் வாங்கி, கரையோரம் பதித்த அகலச் சட்டியில் விட்டேன். பறவை உட்கார மேலே ஒரு குச்சி. கை எட்டும் தூரத்தில் சாக்குக்குள் கேமராவோடு அண்ணாச்சி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பைய விடும்வே, அதுக்கு வலிக்கப் போவுது" என்றார்.

மீன்கொத்தி வந்தது. குச்சியில் உட்கார்ந்தது. நீல முதுகு வெயிலில் மின்னியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். சாக்குக்குள்ளிருந்து அதிகாரமாக ஒரு குரல்: "ஆடாதீய! நாடியக் கொஞ்சம் தூக்குங்க!"

பறவை அம்பாசமுத்திரம் போய்த்தான் நின்றிருக்கும்.

மறுவாரம் அவர் வாயை நானே துண்டால் கட்டினேன். பறவை வந்தது, பாய்ந்தது, மீனோடு குச்சிக்குத் திரும்பியது. கிளிக்! அலகில் சொட்டும் தண்ணீர் வரை தெரிந்த அப்படியொரு படத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

முதலாளி பார்த்து மலைத்தார். பிறகு நெளிந்தார். "பிரமாதம் அண்ணாச்சி. ஆனா வாயில மீன வச்சிருக்கே! நம்ம ஆளுக பூசையறையில எப்படி மாட்டுவாக?"

அந்த வருஷமும் காலண்டரில் முருகன்தான் வந்தார். அண்ணாச்சியும் சைவர்தானே, எதிர்த்துப் பேச வழியில்லை. "நியாயந்தான்வே" என்று படத்தை மேசை இழுப்பறையில் கவிழ்த்து வைத்தார். ஊரையே அதட்டிய குரல் அப்படி இறங்கியதைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை.

படத்தைக் கேட்டு வாங்கினேன். அச்சகத்தில் அவர் பெயரைப் பெரிய எழுத்தில் அடித்துக் கீழே ஒட்டி, சட்டம் போட்டு, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டினேன். மீன் குழம்பு கொதிக்கிற வீட்டில் மீன்கொத்திக்கு என்ன தடை? பார்க்க வந்த அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தன் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தார். "அச்சு தெளிவா விழுந்திருக்குவே" என்றார். மறுபடியும் படித்தார்.

அந்த ஆணியில் அதுவரை தொங்கியது எங்கள் கல்யாணப் படம். அதைக் கழற்றியபோது நாற்காலி ஆடாமல் பிடித்துக்கொண்டது என் மனைவிதான். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த மனிதரை அவ்வளவு பிடிக்கும்.