தைல சிஸ்டரும் என் மொட்டைக் கடுதாசியும்

திருவண்ணாமலையில் ஊரைக் கண் மூட வைக்கும் சாமியார்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வேலைக் களைப்பில் சிடுசிடுத்துக்கொண்டிருந்த பதினெட்டு நர்சுகளைத் தினமும் கண் மூட வைத்தவர் ஒருவர்தான்: எங்கள் தனியார் மருத்துவமனையின் தலைமை நர்ஸ், தைல சிஸ்டர்.

ஷிஃப்ட் மாறும்போது எல்லோரையும் உட்கார வைப்பார். எலுமிச்சைப்புல் தைலத்தில் நனைத்த பஞ்சை ஒவ்வொருவர் காலரிலும் ஊக்கால் குத்துவார்.

“மெதுவா மூச்ச இழுங்கடி. அஞ்சு நிமிஷத்துல ஆஸ்பத்திரி எங்கயும் ஓடிடாது.”

“சிஸ்டர், டாக்டர் கத்துறாருங்க!”

“அவருக்கும் ஒரு பஞ்சு குத்திட்டு வா.”

ஒரு பௌர்ணமியன்று, கிரிவலம் வந்த கீழ்பென்னாத்தூர்க் குடும்பம் ஒன்று காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க வந்தது. நர்சுகள் அறையில் நறுமணம். வரிசையாக மூடிய கண்கள். செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள்.

“யாரு சமாதிம்மா இது?” என்று கேட்டார் பெரியவர். அவர் மனைவி அதற்குள் கற்பூரத்தைத் தேட ஆரம்பித்திருந்தாள்.

ஆபீஸ் மேனேஜரான எனக்கு இது போதுமானதாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், பொறாமை. நர்சுகள் குறையை என்னிடம் சொல்லாமல் அவரிடம் சொன்னார்கள். மருத்துவமனையை மடமாக்குகிறார், வேலையை விட்டு நீக்குங்கள் என்று மருத்துவமனையை நடத்தும் பெரிய டாக்டருக்கு மொட்டைக் கடுதாசி எழுதினேன்.

பெரிய டாக்டர் விசாரணை வைத்தார்.

“புகார்ப் புத்தகத்தப் படிங்க. நர்சுங்க மேல புகார் ஜாஸ்தியா கம்மியானு பாக்கலாம்.”

புத்தகம் என் பொறுப்பு. தைலத்துக்கு முந்தைய பக்கங்களில் ‘நர்ஸம்மா எரிந்து விழுகிறார்’ என்பதே பல்லவி. பிந்தைய மூன்று மாதங்களில் அப்படி ஒன்றுகூட இல்லை. புத்தகம் காணவில்லை என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. பதினெட்டு நர்சுகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படித்தேன்.

“அப்புறம் புகாரே இல்லியா?”

“கேன்டீன் சாம்பார் மேல ரெண்டு... ஆபீஸ் மேனேஜர் எரிஞ்சு விழுறார்னு நாலு.”

அறை அதிர்ந்தது. டாக்டரும் சிரித்துவிட்டார். “சிஸ்டர், இனிமே எல்லா வார்டுக்கும் தைலம் ஆஸ்பத்திரியே குடுக்கும். மொதல் பஞ்சு இவருக்கு!” வெளியே டிரிப்ஸ் பாட்டிலோடு நின்ற நோயாளிகூட விசிலடித்தார்.

எட்டு வருடம் கழித்து, நான் ஓய்வு பெற்ற அன்றுதான் தைல சிஸ்டரிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்தது.

“தெரியும் சார்” என்றார். “பொருள், பார்வை, நகல்லாம் போட்டு மொட்டக் கடுதாசி எழுதுற ஆளு இங்க வேற யாரு இருக்காங்க?”

அந்த எட்டு வருடமும் அவர் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.